கணிதம், இயற்பியல், வேதியியல், மருந்தியல்: 'சமானம்' எல்லாத் துறைகளிலும் ஒரே கருத்துதானா?

வினா: தேடல்

வணக்கம். இளநிலை அறிவியல் இரண்டாம் ஆண்டில் கணிதத்தை முதன்மைப் பாடமாகவும், இயற்பியலையும் வேதியியலையும் துணைப் பாடங்களாகவும் பயின்று வருகிறேன். ஒரே பருவத்தில் மூன்று பாடங்களிலும் சமானம் என்ற கருத்து வருகிறது. ஆனால் மூன்றிலும் அது ஒன்றுதானா என்பது எனக்கு விளங்கவில்லை.

கணிதத்தில், ஒரு கணத்தின் மீதான தொடர்பு தற்சுட்டு, சமச்சீர், கடப்பு ஆகிய மூன்று பண்புகளையும் கொண்டிருந்தால் அதைச் சமானத் தொடர்பு என்கிறோம். அதாவது ஒவ்வோர் உறுப்பும் தனக்குத் தானே சமானம். 'அ' என்பது 'ஆ'வுக்குச் சமானம் என்றால் 'ஆ'வும் 'அ'வுக்குச் சமானம். 'அ'வும் 'ஆ'வும், 'ஆ'வும் 'இ'யும் சமானம் என்றால் 'அ'வும் 'இ'யும் சமானம். இயற்பியலில் ஐன்ஸ்டைனின் சமானத் தத்துவத்தைப் படிக்கும்போது இந்த மூன்று பண்புகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேதியியல் ஆய்வகத்தில் சமான எடை, சமானப் புள்ளி என்கிறோம். அங்கும் இந்தப் பண்புகளை யாரும் சோதித்துக் காட்டுவதில்லை.

இன்னொன்றும் என் மனத்தில் இருக்கிறது. என் தந்தை பல ஆண்டுகளாக வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொண்டு வருகிறார். வழக்கமான நிறுவனத்தின் மாத்திரை கிடைக்காதபோது, வேறொரு நிறுவனத்தின் மாத்திரை அதற்குச் சமமானதுதான் என்று மருந்துக்கடையில் சொல்கிறார்கள். அவருடைய மருத்துவரோ, தம்மைக் கேட்காமல் நிறுவனத்தை மாற்ற வேண்டாம் என்கிறார். இருவரும் பேசுவது ஒரே சமானத்தைப் பற்றித்தானா?

என் கேள்வி இதுதான். இந்தத் துறைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு மையக் கருத்து உண்டா, அல்லது வெவ்வேறு கருத்துகள் ஒரே பெயரில் வழங்குகின்றனவா? உண்டு என்றால், கணிதத்தின் மூன்று பண்புகளையே எல்லாத் துறைகளுக்கும் உரைகல்லாகக் கொள்ளலாமா?


மறுமொழி 1: எண்வழி

நல்ல கேள்வி. பல ஆண்டுகள் கல்லூரியில் இயற்கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் கணிதப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

மூன்று பண்புகளையும் சரிபார்ப்பதோடு பாடம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் மாணவர்களிடையே பரவலாக இருக்கிறது. அந்த எண்ணத்தை நான் ஏற்பதில்லை. அந்தப் பண்புகளால் விளைவது என்ன என்பதுதான் முக்கியம். ஒரு சமானத் தொடர்பு, கணத்தை ஒன்றோடொன்று வெட்டாத வகுப்புகளாகப் பிரித்துவிடுகிறது. ஒவ்வோர் உறுப்பும் ஒரே ஒரு வகுப்பில்தான் இருக்கும். இதை மறுபக்கத்திலிருந்தும் சொல்லலாம். ஒவ்வோர் உறுப்பையும் அதன் வகுப்புக்கு அனுப்பும் சார்பு ஒன்று உண்டு. இரண்டு உறுப்புகள் சமானம் என்றால், அந்தச் சார்பு இரண்டுக்கும் ஒரே மதிப்பைத் தருகிறது என்று பொருள். அதாவது, எந்தச் சமானத் தொடர்பை எடுத்துக்கொண்டாலும் அது 'ஏதோ ஒன்றில் ஒரே மதிப்பு உடையவை' என்ற வடிவத்துக்கு வந்துவிடும். அந்த 'ஏதோ ஒன்று' எது என்று கேட்பதுதான் நீங்கள் தேடும் மையக் கருத்துக்கு அருகில் உங்களைக் கொண்டு செல்லும்.

முக்கோணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வசமம் என்பது ஒரு சமானத் தொடர்பு. வடிவொத்தவை என்பது இன்னொன்று. சம பரப்புடையவை என்பது மூன்றாவது. பக்கங்கள் 3, 4, 5 கொண்ட செங்கோண முக்கோணமும், பக்கங்கள் 6, 8, 10 கொண்டதும் வடிவொத்தவை. ஆனால் முதலாவதன் பரப்பு 6, இரண்டாவதன் பரப்பு 24. அடிப்பக்கம் 6, உயரம் 2 கொண்ட ஒரு முக்கோணம் முதலாவதற்குப் பரப்பில் சமானம். அதன் கோணங்களோ வேறு. இந்த மூன்று முக்கோணங்களில் எவை சமானம் என்று பொதுவாகக் கேட்டால் விடை இல்லை. கோணங்களைப் பொறுத்தா, பரப்பைப் பொறுத்தா என்று சொன்ன பிறகே கேள்வி முழுமை பெறுகிறது. கணித அறிஞர் காஸ் 1801-இல் எண்களின் ஒருங்கிசைவுக்குத் தனிக் குறியீட்டை அறிமுகப்படுத்தியபோது, எந்த மட்டின்படி ஒருங்கிசைவு என்பதையும் அதனுடன் சேர்த்தே எழுதினார். 7-இன் மட்டின்படி, அதாவது 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால், 3-உம் 10-உம் ஒன்று. 5-இன் மட்டின்படி அவை வேறு. மட்டைக் குறிப்பிடாமல் ஒருங்கிசைவு என்று எழுதும் வழக்கம் எண் கோட்பாட்டில் இல்லை. மற்றத் துறைகளும் இந்த ஒழுக்கத்தைக் கைக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் உறுதியான கருத்து.

இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. இரண்டு பொருள்கள் சமானம் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அவற்றின் மீது விருப்பம்போல் எல்லாச் செயல்களையும் நிகழ்த்திவிட முடியாது. 1/2-உம் 2/4-உம் ஒரே விகிதமுறு எண்ணைக் குறிக்கின்றன. வழக்கமான கூட்டலில் 1/2-க்குப் பதிலாக 2/4-ஐ வைத்தால் விடை மாறாது. ஆனால் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டுவது என்று ஒரு செயலை வரையறுத்தால், 1/2-உம் 1/3-உம் சேர்ந்து 2/5 ஆகும். 2/4-உம் 1/3-உம் சேர்ந்து 3/7 ஆகும். உள்ளிட்டவை சமானமாக இருந்தும் விடைகள் சமானமாக இல்லை. இத்தகைய செயல் அந்த வகுப்புகளின் மீது நன்கு வரையறுக்கப்படவில்லை என்கிறோம். ஆகவே ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைக்கலாமா என்ற கேள்விக்கு, எந்தச் செயலுக்காக வைக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்தே விடை சொல்ல வேண்டும்.

உங்கள் தந்தையின் மருந்து பற்றிய கேள்வியும் இந்த வகையைச் சேர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. துறை அறிந்தவர்கள் விளக்குவார்கள் என்று நம்புகிறேன்.


மறுமொழி 2: மருந்தியல்_வழி

எண்வழி ஐயா சொன்னது சரி. மருந்தியலில் இந்தச் சமானத்துக்குத் தெளிவான வரையறை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் மருந்துக்கடைக்காரர் சொன்னதும் மருத்துவர் சொன்னதும் எங்கே பிரிகின்றன என்பது விளங்கும்.

ஒரே மருந்துப்பொருளை ஒரே அளவில் கொண்ட இரண்டு மாத்திரைகள், அந்த அளவில் மட்டுமே ஒத்தவை. மாத்திரை வயிற்றில் கரைந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் எவ்வளவு மருந்து எவ்வளவு வேகத்தில் சேர்கிறது என்பது உடன் சேர்க்கும் நிரப்பிகளையும், தூளின் நுண்மையையும், மாத்திரையை அழுத்திய விதத்தையும் பொறுத்தது. ஆகவே உயிரிச் சமானம் என்று தனியாக ஒன்றைச் சோதிக்கிறார்கள். உடல்நலமுள்ள தன்னார்வலர்களுக்கு மூல நிறுவனத்தின் மாத்திரையையும் புதிய மாத்திரையையும் வெவ்வேறு காலங்களில் கொடுத்து, இடையில் முதல் மருந்து உடலை விட்டு முற்றிலும் வெளியேறப் போதிய நாள்களை விட்டு, ஒவ்வொரு முறையும் பல தடவை இரத்தம் எடுத்து மருந்தின் செறிவை அளக்கிறார்கள். செறிவை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு வளைவு கிடைக்கும். அந்த வளைவின் உச்சமும் அதன் கீழுள்ள பரப்பும் ஒப்பிடப்படுகின்றன. புதியதற்கும் மூலத்துக்கும் உள்ள சராசரிகளின் விகிதத்தைக் கணக்கிட்டு, அந்த விகிதத்தின் 90 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சின் மதிப்பீடு) முழுவதும் 80 விழுக்காட்டுக்கும் 125 விழுக்காட்டுக்கும் இடையே அடங்கினால் இரண்டும் உயிரிச் சமானமானவை என்று ஏற்கிறார்கள்.

கீழே 20 விழுக்காடும் மேலே 25 விழுக்காடும் விடுவது ஏன் என்று பலர் கேட்பார்கள். நீங்கள் குறிப்பிட்ட சமச்சீர்ப் பண்பு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 'அ' என்பது 'ஆ'வில் 80 விழுக்காடு என்றால், 'ஆ' என்பது 'அ'வில் 125 விழுக்காடு. எல்லைகளை 80, 120 என்று வைத்திருந்தால், எதை மேலே எதைக் கீழே எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும். மடக்கை அளவில் இரு எல்லைகளும் சுழியிலிருந்து சம தொலைவில் இருக்கின்றன. ஐரோப்பிய மருந்து முகமை, குறுகிய பாதுகாப்பு வரம்புள்ள (பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைந்த) மருந்துகளுக்கு 90.00 முதல் 111.11 வரை என்று எல்லையைச் சுருக்கியிருப்பதிலும் இதே கணக்குதான்.

தற்சுட்டுப் பண்பு அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. சில மருந்துகளின் உறிஞ்சுதல், ஒரே மனிதரிடத்திலேயே ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறி இறங்கும். அத்தகைய மருந்தில், ஒரே நிறுவனத்தின் ஒரே மாத்திரையை இரண்டு முறை கொடுத்து அதை அதனுடனேயே ஒப்பிட்டாலும், பங்கேற்பவர்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் நம்பிக்கை இடைவெளி எல்லையைத் தாண்டிவிடக்கூடும். அதற்காகவே இம்மருந்துகளுக்குத் தனி ஆய்வு முறைகள் வகுக்கப்பட்டுள்ளன.

மூன்றாவதான கடப்புப் பண்பு இங்கே உறுதியாக இல்லை. ஒவ்வொரு ஜெனரிக் மாத்திரையும், அதாவது மூல நிறுவனத்தின் மருந்தையே வேறு நிறுவனம் தயாரிக்கும் மாத்திரையும், மூல மாத்திரையுடன் ஒப்பிடப்படுகிறது. இரண்டு ஜெனரிக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. மூலத்தைவிட ஒன்று சற்றுக் குறைவாகவும் மற்றொன்று சற்று அதிகமாகவும் உறிஞ்சப்பட்டால், அவ்விரண்டுக்கும் இடையேயான வேறுபாடு பெரிதாகும். மூலத்தோடு ஒப்பிட ஒன்று 90 விழுக்காடு, மற்றொன்று 110 விழுக்காடு என்றால், அவற்றின் விகிதம் ஏறத்தாழ 82 விழுக்காடு.

இதைப் படித்து ஜெனரிக் மருந்துகள் மீது யாரும் அச்சம் கொள்ளக் கூடாது. எல்லை 80 முதல் 125 வரை என்பதால், சந்தையில் உள்ள மாத்திரைகள் அவ்வளவு வேறுபடுகின்றன என்று பொருளில்லை. நம்பிக்கை இடைவெளி முழுவதும் உள்ளே அடங்க வேண்டுமென்றால், விகிதம் பெரும்பாலும் 100-க்கு அருகில் இருந்தாக வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1996 முதல் 2007 வரை ஒப்புதல் அளித்த ஜெனரிக்குகளின் 2070 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வளைவின் கீழுள்ள பரப்பில் சராசரி வேறுபாடு 3.56 விழுக்காடாகவும், உச்ச செறிவில் 4.35 விழுக்காடாகவும்தான் இருந்தது. குறைந்த விலை மருந்தால் சிகிச்சையைத் தொடர முடிகிற கோடிக்கணக்கானோரை எண்ணிப் பார்த்தால், இது மிகப் பெரிய பொதுநலச் சாதனை.

ஆனால் உங்கள் தந்தையின் மருத்துவர் எச்சரிப்பதற்கும் உண்மையான காரணம் இருக்கிறது. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உடைக்கும் கல்லீரல் நொதிகள், வழக்கமான சிகிச்சை அளவுக்கு அருகிலேயே தங்கள் கொள்ளளவை எட்டிவிடும். அதன் பிறகு உறிஞ்சுதல் சற்றே கூடினாலும் இரத்தச் செறிவு பல மடங்கு விகிதத்தில் எகிறும். 1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஃபெனிடாயின் உட்கொண்டவர்கள் பலருக்கு நடை தள்ளாட்டம் போன்ற நச்சுக் குறிகள் தோன்றின. மருந்தின் அளவு மாறவில்லை. மருந்து உறையில் (கேப்சூலில்) நிரப்பியாக இருந்த கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்க்கப்பட்டிருந்தது. லாக்டோஸுடன் மருந்து அதிகமாக உறிஞ்சப்பட்டது.

மருந்துக்கடைக்காரர் பேசுவது மருந்துப்பொருளிலும் சராசரி உறிஞ்சுதலிலும் உள்ள சமானத்தைப் பற்றி. மருத்துவர் கவலைப்படுவது, நிலைபெற்ற செறிவோடு வாழும் ஒரே ஒரு நோயாளியிடத்தில் மாற்றம் எதை விளைவிக்கும் என்பதைப் பற்றி. தந்தையாருடைய மருந்து எதுவாக இருந்தாலும், அவருடைய மருத்துவரைக் கேட்காமல் நிறுவனத்தை மாற்ற வேண்டாம்.


மறுமொழி 3: வேதிக்கூடம்

வேதியியலைப் பொறுத்தவரை விடை சுருக்கமானது. சமான எடை என்பது, ஒரு வினையில் ஒரு மோல் எலக்ட்ரானுக்கோ ஹைட்ரஜன் அயனிக்கோ ஈடாக நிற்கும் நிறை. அது ஒரு பொருளின் நிலையான பண்பு அன்று. ஒரு வினையில் அந்தப் பொருள் வகிக்கும் பங்கைப் பொறுத்தது. இதற்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை விடச் சிறந்த சான்று கிடையாது. அதன் மோலார் நிறை 158. அமிலக் கரைசலில் அது ஐந்து எலக்ட்ரான்களை ஏற்பதால் அதன் சமான எடை 31.6, நடுநிலைக் கரைசலில் மூன்றை ஏற்பதால் 52.67, வலிமையான காரக் கரைசலில் ஒன்றை மட்டும் ஏற்பதால் 158. குப்பியில் இருக்கும் பொருள் ஒன்றுதான். எந்த வினை என்று சொல்லாமல் அதன் சமான எடையைக் கேட்பது, எந்த மட்டு என்று சொல்லாமல் ஒருங்கிசைவைக் கேட்பதற்கு ஒப்பானது. இந்தக் காரணத்தால்தான் இன்றைய பாடநூல்கள் நார்மாலிட்டியை (சமான எடையை அடிப்படையாகக் கொண்ட செறிவு அலகை) குறைத்து மோல் கணக்கை முதன்மைப்படுத்துகின்றன.

வரலாற்றில் பார்த்தால் ஒரு சிறப்பு தெரியும். ஜெர்மன் வேதியியலாளர் ரிக்டர் 1790-களில் அமிலங்களும் காரங்களும் ஒன்றையொன்று நடுநிலையாக்கும் அளவுகளைப் பட்டியலிட்டபோது, அவர் நம்பிச் சார்ந்திருந்தது கடப்புப் பண்புக்கு நெருங்கிய ஒன்றைத்தான். ஒரு குறிப்பிட்ட அளவு அமிலத்தை இரண்டு வெவ்வேறு காரங்களின் எந்தெந்த அளவுகள் நடுநிலையாக்குகின்றனவோ, அந்த இரண்டு அளவுகளும் வேறோர் அமிலத்திடமும் ஒரே பங்கை ஆற்றும். இயற்கை அவ்வாறு நடந்துகொள்ளாமல் இருந்திருக்கவும் கூடும். 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடும் 56 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும், எந்த அமிலத்தை எடுத்தாலும் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கின்றன என்பது ஆய்வகத்தில் கண்டறிந்த உண்மை. அணுக்கொள்கை வேரூன்றுவதற்கு அது ஒரு படிக்கல்லாக அமைந்தது.

சமானப் புள்ளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தரம் பார்த்தலில், பியூரெட்டிலிருந்து சேர்த்த காரம் அமிலத்துக்குச் சரியாக ஈடாகும் நிலைதான் சமானப் புள்ளி. அந்த நிலையில் கரைசல் நடுநிலையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அசிட்டிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கும்போது, சமானப் புள்ளியில் பிஎச் மதிப்பு 7-க்கு மேல், 8.7-ஐ ஒட்டி இருக்கும். அதனால் அங்கே ஃபீனால்ஃப்தலீன் பொருந்தும். மெத்தில் ஆரஞ்சு சமானப் புள்ளிக்கு வெகு முன்னரே நிறம் மாறி ஏமாற்றிவிடும். நிறம் மாறும் புள்ளி நாம் கண்ணால் காண்பது. சமானப் புள்ளி நாம் கணக்கிட்டு அறிவது. இரண்டையும் ஒன்றாகக் கொள்வது செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணையும், வேலையில் முடிவின் நம்பகத்தையும் குறைக்கும்.


மறுமொழி 4: விசை_நிறை

இயற்பியலில் இரண்டு சமானங்களைப் பார்க்கலாம். இரண்டும் கணிதத் தொடர்பிலிருந்து வேறுபடுகின்றன.

முதலாவது ஐன்ஸ்டைனுடையது. ஒரு பொருளைத் தள்ளும்போது அது காட்டும் எதிர்ப்பை நிலைம நிறை என்கிறோம்; புவி அதை ஈர்க்கும் வலிமையைத் தீர்மானிப்பதை ஈர்ப்பு நிறை என்கிறோம். இவை இரண்டு தனித்தனி அளவீடுகள். இவை சமமாக இருக்க வேண்டும் என்று எந்தத் தர்க்கமும் கட்டாயப்படுத்தவில்லை. தங்கம், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை ஆகியவற்றை ஊசல்களில் வைத்து ஆராய்ந்த நியூட்டன், ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வேறுபாடு இல்லை என்றார். ஹங்கேரிய இயற்பியலாளர் எட்வெஷ் முறுக்குத் தராசைக் கொண்டு அந்தத் துல்லியத்தைப் பல்லாயிரம் மடங்கு உயர்த்தினார். 2016-இல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சு செயற்கைக்கோள், டைட்டானியத்தையும் பிளாட்டினக் கலவையையும் ஒப்பிட்டது. 2022-இல் வெளியான அதன் இறுதி முடிவின்படி, பத்துக் கோடி கோடியில் சில பங்குகள் என்ற அளவு வரை வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இங்கே சமானம் என்பது நாம் வகுத்துக்கொண்ட வரையறை அன்று. ஒவ்வொரு தலைமுறையும் பொய்யாக்க முயன்று இதுவரை தோற்றுள்ள ஒரு கூற்று. இயற்பியலில் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் உண்மைகளில் இது ஒன்று.

1907-இல் ஐன்ஸ்டைன் இதிலிருந்து ஒரு பெரிய அடியை எடுத்து வைத்தார். தடையின்றி விழும் மூடிய அறைக்குள் இருப்பவர் தம் எடையை உணர மாட்டார். ஈர்ப்புப் புலமும் முடுக்கமும் அந்த அறைக்குள் பிரித்தறிய முடியாதவை. ஆனால் அந்த அறை சிறியதாக இருக்க வேண்டும் என்பது இன்றியமையாத நிபந்தனை. அறை மிகப் பெரியது என்றால், இரண்டு மூலைகளில் விடப்பட்ட இரு பந்துகளும் புவியின் மையத்தை நோக்கியே விழுவதால், நேரம் செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கும். அந்த நெருக்கத்தை எந்த முடுக்கத்தாலும் போலி செய்ய முடியாது. ஆக, இந்தச் சமானத்துக்கு இடமும் காலமும் எல்லை.

இரண்டாவது, ஜூல் கண்ட வெப்பத்தின் இயந்திரச் சமானம். எடைகளை விழச்செய்து நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடாகிறது என்று அவர் அளந்தார். 1850-இல் அவர் வெளியிட்ட மதிப்பின்படி, ஒரு பவுண்டு நீரை ஒரு ஃபாரன்ஹீட் பாகை சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை தேவை. இன்றைய அலகில் அது ஒரு கலோரிக்கு ஏறத்தாழ 4.15 ஜூல். கணக்கேட்டில் இது முழுமையான சமச்சீர் உறவு. நடைமுறையில் அப்படி இல்லை. வேலை முழுவதையும் வெப்பமாக மாற்றலாம். வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றிக்கொண்டே இருக்கும் எந்திரத்தை வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அனுமதிப்பதில்லை. 100 பாகை செல்சியஸ் வெப்பமூலத்துக்கும் 30 பாகைச் சூழலுக்கும் இடையே இயங்கும் எந்த எந்திரமும், பெற்ற வெப்பத்தில் 19 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக்க முடியாது. அளவில் சமானமானவை, மாற்றத்தில் சமானமாக இருப்பதில்லை.


மறுமொழி 5: நிரல்_எழுத்து

கணினி அறிவியலிலிருந்து ஒரு சிறு குறிப்பு. ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீட்டைத் தரும் இரண்டு நிரல்களைச் சமானமானவை என்கிறோம். இது மூன்று பண்புகளையும் நிறைவு செய்யும் தூய கணிதச் சமானம். ஆனால் பத்து இலட்சம் எண்களை வரிசைப்படுத்த, குமிழி முறைக்கு இலட்சம் கோடியை ஒட்டிய அளவில் ஒப்பீடுகள் தேவைப்படலாம். இணைப்பு முறைக்கு இரண்டு கோடி அளவே போதும். வெளியீட்டைப் பொறுத்துச் சமானமானவை நேரத்தைப் பொறுத்து அவ்வாறு இல்லை.

மேலும், வரையறை எவ்வளவு தூயதாக இருந்தாலும் சரிபார்க்கும் வழி இருந்தாக வேண்டும் என்பதில்லை. தரப்பட்ட எந்த இரண்டு நிரல்களும் சமானமா என்று தீர்மானிக்கும் பொதுவான வழிமுறை எதுவும் இருக்க முடியாது. ஒரு நிரல் என்றேனும் நின்றுவிடுமா என்று தீர்மானிக்கும் நிறுத்தச் சிக்கலைப் பற்றிக் கணித அறிஞர் டூரிங் 1936-இல் நிறுவியதன் நேர் விளைவு இது.


மறுமொழி 6: அரசாணை_வாசகர்

நிர்வாகத்தையும் ஒரு துறையாகக் கொண்டால், பட்டங்களின் சமானத்தைக் குறிப்பிட வேண்டும். ஒரு பட்டம் இன்னொன்றுக்கு இணையானது என்று தமிழ்நாடு அரசு வெளியிடும் ஆணைகளில், பொதுப் பணிகளில் வேலைவாய்ப்புக்காக என்ற வரையறை சேர்ந்தே வருகிறது. அந்த ஆணையைக் காட்டி மேற்படிப்பில் இடம் கேட்க முடியாது; அதைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். முதல் பட்டம் இரண்டாவதற்கு இணை என்று ஆணை சொன்னால், இரண்டாவதைப் பெற்றவர் முதலாவது கேட்கப்படும் பணிக்குத் தகுதி பெற்றுவிட்டார் என்று தானாகவே கொள்ளவும் முடியாது. வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் ஆணையின் தலைப்போடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த வரையறை வரியையும் படிக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.


தேடல் (வினா எழுப்பியவர்)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 'எதைப் பொறுத்து' என்ற கேள்வி எல்லாத் துறைகளிலும் பொதுவாக நிற்கிறது என்பதை இப்போது உணர்கிறேன். என் தந்தையின் மருந்தைப் பற்றிய விளக்கத்துக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு ஐயம் மட்டும் எஞ்சுகிறது. மருந்துகளில் கடப்புப் பண்பு இல்லை என்றால், கணித நோக்கில் அதைச் சமானம் என்றே சொல்லக் கூடாதல்லவா? அல்லது கணிதம்தான் அதற்கென ஒரு தனிக் கருத்தை வைத்திருக்கிறதா?


எண்வழி

வைத்திருக்கிறது. அளவீடு நுழையும் எல்லாத் துறைகளுக்கும் இது பொருந்தும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் பாயின்கரே 1902-இல் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். கையில் ஏந்திப் பார்த்தால் 10 கிராம் எடைக்கும் 11 கிராம் எடைக்கும் வேறுபாடு தெரிவதில்லை. 11-க்கும் 12-க்கும் வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் 10-க்கும் 12-க்கும் வேறுபாடு தெரிகிறது. முதலாவது இரண்டாவதற்குச் சமம், இரண்டாவது மூன்றாவதற்குச் சமம், முதலாவது மூன்றாவதைவிடச் சிறியது என்ற முரண், புலனறிவில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. கருவியின் துல்லியத்தைக் கூட்டினால் முரண் சிறிய அளவுக்கு நகரும்; மறைந்துவிடாது.

தற்சுட்டும் சமச்சீரும் இருந்து, கடப்பு மட்டும் கட்டாயமில்லாத தொடர்பைப் பொறுதித் தொடர்பு என்று சொல்லலாம். ஸீமன் என்ற கணித அறிஞர் 1962-இல், காட்சிப் புலனுணர்வை ஆராயும்போது இத்தகைய தொடர்புள்ள வெளிகளைத் தனியாக வரையறுத்தார். உயிரிச் சமானம் இந்த வகையைச் சேர்ந்தது. தன்னுடனான ஒப்பீடு தவறக்கூடும் என்று மருந்தியல்_வழி சொன்னது சோதனையின் தீர்ப்பைப் பற்றியது. உண்மையான சராசரிகளை நேரடியாக அறிய முடிந்தால் விகிதம் 1 ஆகவே இருக்கும் என்பதால், தற்சுட்டுக்கு இதனால் குறைவில்லை.

குறைபாட்டைச் சரிசெய்வதாக எண்ணி, கடப்புப் பண்பை வலிந்து சேர்த்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் 10 கிராமும் 11-உம் ஒன்று, 11-உம் 12-உம் ஒன்று என்று தொடர்ந்து, 10 கிராமும் 1000 கிராமும் ஒரே வகுப்பில் சேர்ந்துவிடும். பிரித்தறியும் ஆற்றல் முழுவதையும் இழந்த சமானம்தான் மிஞ்சும். ஆகவே அந்தத் துறைகளில் கடப்பு இல்லாமல் இருப்பது குறைபாடு அன்று. அதை வலிந்து திணிப்பதுதான் தவறு.

கடப்பின் இடத்தில் அங்கே நிற்பது முக்கோணச் சமனின்மை. 'அ'வும் 'ஆ'வும் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வேறுபட்டு, 'ஆ'வும் 'இ'யும் அதே எல்லைக்குள் வேறுபட்டால், 'அ'வும் 'இ'யும் அதன் இரு மடங்குக்குள் வேறுபடும் என்று உறுதி சொல்ல முடியும். விகிதத்தில் பேசினால் எல்லைகளைப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் உண்மையான விகிதம் 0.80-க்கும் 1.25-க்கும் இடையே இருந்தால், இரண்டு படிகளுக்குப் பின் அது 0.64-க்கும் 1.5625-க்கும் இடையே இருக்கும், 0.90-க்கும் 1.1111-க்கும் இடையே இருந்தால், 0.81-க்கும் 1.2346-க்கும் இடையே இருக்கும். குறுகிய எல்லையை வகுத்தவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் கொண்டார்களா என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் அந்த எல்லையின்படி தேர்ந்த இரண்டு ஜெனரிக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், நேரடியாகச் சோதிக்காமலே, அவை பொதுவான 0.80 முதல் 1.25 வரையிலான எல்லைக்குள் அடங்கும் என்பதை நீங்களே பெருக்கிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.